கொழும்புத் தபாற் கந்தோரும் தீவகத்தாரும்

ஊர்காவற்றுறையிலும் புங்குடுதீவிலும் முதியோர் அரசாங்க அலுவலகத்தைக் 'கந்தோர்' என்றே சுட்டுவர். ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல் அது. எனினும் கந்தோரை மாளிகையாக்கியவர் ஆங்கிலேயரே. இதற்குத் தக்க சான்று, கொழும்புக் கோட்டையிலே 1895 இல் திறக்கப்பெற்ற பொதுத் தபாற் கந்தோராகும்.

பொதுவேலைத் திணைக்களத்தைச் சேர்ந்த டொமலின் இதனை வடிவமைத்தார். தூண் வரிசையும் வளைவுகளுமாக ஐரோப்பியச் செந்நெறிப் பாணியே இதன் முகப்பிலே மேலோங்கி நிற்கின்றது. 1884 இல் எழுந்த சென்னைப் பொதுத் தபால் நிலையத்திலே சிஷோம் உள்நாட்டு மரபின் சாயலைக் கலந்து கட்டினார். கொழும்பிலோ அத்தகைய சமரசம் வேண்டப்படவில்லை. இதனை வெறும் இரசனை வேறுபாடாகக் கொள்வதில் எமக்கு உடன்பாடில்லை. எதிரே தேசாதிபதியின் மாளிகை. அண்மையிலே, 1875 இல் தொடங்கி 1885 இல் நிறைவுற்ற அலைதாங்கியால் பெருகிய துறைமுகம். கோப்பி அழிந்து தேயிலை தழைத்த காலம் அது. தோட்ட முதலாளித்துவத்தின் கடிதங்களும் கணக்குகளும் இலண்டனுக்குச் செல்லும் வாயிலுக்கு இலண்டனின் முகமே பொருத்தமாயிற்று.

அதே வளர்ச்சியின் மறுபக்கத்தைத் தீவகத்திலே காண்கின்றோம். தென்னிந்தியாவுடன் பாய்க்கப்பல் வாணிகம் நடத்திய ஊர்காவற்றுறை ஒதுங்க, மூலதனம் கொழும்பிலே குவிந்தது. தீவகத்து இளைஞர் அங்கே கடைச் சிப்பந்திகளாயினர், சிலர் முதலாளிகளுமாயினர். அவர்தம் உழைப்பு காசுக்கட்டளையாக ஊர் திரும்பிற்று. தீவகத்துக் கல்வீடுகளிற் பலவற்றை ஆராயப் புகுவோர் சுண்ணாம்பையும் பனங் கைமரத்தையும் மட்டுமன்றி, இக்காசையும் கட்டடப் பொருளாகக் கணக்கிலெடுத்தல் வேண்டும்.

கந்தோரைக் கட்டி முடித்த ஒப்பந்தகாரர் வாப்பிச்சி மரைக்கார். 1877 இல் திறக்கப்பெற்ற கொழும்பு நூதனசாலையும் அவர் கட்டியதே. வரைந்தவர் பெயரோடு இவர் பெயரும் ஓரளவு நிலைத்துள்ளது. சாந்து குழைத்தோரைப் பற்றிக் கட்டடக்கலை வரலாறு பேசுவது அரிது.

2000 ஆம் ஆண்டளவிலே பாதுகாப்புக் காரணங்களால் தபாற்பணி அங்கிருந்து அகற்றப்பட்டது. அதிகாரத்தின் அயலிலே அமைந்தமையால் சிறப்புற்ற கட்டடம், அதே அயலினால் பொதுமக்களை இழந்தது. தொல்லியற் சட்டம் சுவரையும் தூணையும் காக்கின்றது. உள்ளே நடைபெற்ற பணி அச்சட்டத்தின் கண்ணிற் படுவதில்லை. இவ்வினா பழையதன்று. 1894 இல் எழுந்த நுவரெலியாத் தபாற் கந்தோரைச் சுற்றுலா முதலீட்டுக்கு வழங்க அரசு முனைந்தபோது, 2023 நவம்பரிலே வேலைநிறுத்தத்தில் இறங்கி எதிர்த்தோர் தபால் ஊழியர்களே.