கராமாவில் த தி தொம் நம்

சனிக்கிழமை சாயங்காலம் துபாய் கராமாவில் ஒரு கஃபெட்டீரியா வாசலில் கரக் சாயாவோடு உட்கார்ந்திருந்தோம். கூட இருந்த தம்பிக்குக் கும்பகோணம் பக்கம், ஷார்ஜாவில் வேலை. கார்த்திகை பிறந்தால் அவர்கள் குழுவில் வாரந்தோறும் ஐயப்பன் பஜனை. வழக்கமாக வாசிக்கிறவர் வேலையை முடித்துக்கொண்டு ஊரோடு போய்விட்டார். தானே மிருதங்கம் கற்றுக்கொள்வதென்று இவன் முடிவு செய்திருக்கிறான்.

"ஊர்லேர்ந்து ஒருத்தர் வர்றார், அவர்கிட்ட ஒரு மிருதங்கம் சொல்லிவிடலாம்னு இருக்கேன் அண்ணே. எத்தனை மாசத்துல வாசிக்கலாம்?"

"யார் பாடப் போறாங்க?" என்று கேட்டேன்.

அவனுக்கு விளங்கவில்லை. டோலக் மாதிரி எதையோ வாங்கி எந்தப் பாட்டுக்கும் தட்டலாம் என்று நினைத்திருக்கிறான். மிருதங்கம் அப்படிப்பட்டதல்ல. வலப்பக்கத் தோலான வலந்தலை, பாடுகிறவரின் ஆதார ஷட்ஜத்தில் நிற்க வேண்டும். ஆண்கள் ஒரு கட்டைச் சுருதியை ஒட்டிப் பாடுவார்கள்; பெண்கள் ஐந்து, ஐந்தரை, ஆறு. ஆண் குரலுக்கென்று 24 அங்குல வாக்கில் நீளமான மிருதங்கமும், பெண் குரலுக்கென்று 22 அங்குல வாக்கில் குட்டையானதும் செய்கிறார்கள். கொஞ்சம் ஏற்றலாம், கொஞ்சம் இறக்கலாம். ஒரு கட்டைக்குச் செய்ததை ஐந்தரைக்கு இழுத்தால் தோல் தாங்காது. ஊரில் என்றால் பக்கத்துத் தெருவில் மாற்றி வாங்கிவிடலாம். கடல் தாண்டி வந்த பிறகு அந்த வசதி இல்லை. ஆகவே, பணம் கொடுப்பதற்கு முன் அவர்கள் குழுவில் முன்பாட்டுப் பாடுகிறவர் யார், அவருடைய சுருதி என்ன என்று தெரிந்துகொள்ளச் சொன்னேன்.

"தோல்ல எப்படி அண்ணே சுருதி?"

நல்ல கேள்வி. எதிரில் இருந்த கண்ணாடி டம்ளரின் பக்கவாட்டில் கரண்டியால் தட்டினேன். காலி டம்ளர் உச்சத்தில் கணீரென்றது. முக்கால்வாசி சாயா இருந்த அவன் டம்ளர் அதைவிடக் கீழே ஒலித்தது. அதிர்கிற பொருளின்மேல் பாரம் ஏறினால் சுரம் இறங்கும். மிருதங்கத்தின் இரண்டு பக்கமும் நம் பெரியவர்கள் செய்த வேலை இதுதான். இடப்பக்கத்துத் தொப்பியில் வாசிப்பதற்கு முன் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து அப்புகிறோம். ரவை கூடினால் 'தொம்' என்ற ஒலி இன்னும் கீழே போகும். வாசித்து முடித்ததும் சுரண்டி எடுத்துவிட வேண்டும். காய விட்டால் தோலைப் பிடித்துக்கொள்ளும்.

வலந்தலையில் உள்ள கரணை இதைவிட நுட்பமானது. ஒருவகைக் கருங்கல்லைப் பொடித்துச் சோற்றோடு பிசைந்து, பூச்சின்மேல் பூச்சாகத் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய கறுப்பு வட்டம் அது. வெறும் தோலை அடித்தால் கிளம்பும் உபசுரங்கள் ஒன்றோடொன்று இசையாதவை. அதனால் சத்தம் கேட்கும், சுருதி கேட்காது. நடுவில் கரணை ஏறியதும் அதே உபசுரங்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்ற முழு மடங்குகளுக்கு வந்து நின்றுவிடுகின்றன, வீணைத் தந்தியில் இருப்பதைப்போல. சர் சி. வி. ராமன் 1920-இல் சிவகாளி குமாரோடு சேர்ந்து 'நேச்சர்' இதழில் இதை எழுதினார். 1934-இல் விரிவாக இன்னொரு கட்டுரை எழுதினார். கரணை தேய்த்தவர்கள் யாரும் சமன்பாடு போட்டுப் பார்க்கவில்லை. தேய்ப்பது, தட்டுவது, காது கொடுப்பது, மறுபடி தேய்ப்பது, இவ்வளவுதான். எனக்கு இது இன்னமும் பெரிய ஆச்சரியம்.

வலந்தலையில் வாசிக்கும் 'நம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். மோதிர விரல் கரணையின் ஓரத்தை இலேசாகத் தொட்டபடி நிற்கும். ஆள்காட்டி விரல் விளிம்பில் விழும். தொட்டு நிற்கிற விரல் அடிச்சுரத்தை அமுக்கி, மேலே உள்ளதை மட்டும் ஒலிக்க விடுகிறது. அழுத்தினால் எல்லாம் செத்துப்போகும், தொடாவிட்டால் கலங்கும். அந்த ஒரு விரலின் பாரம் பிடிபட எனக்கு மூன்று மாதம் ஆனது. அதனால்தான் "எத்தனை மாசம்?" என்பதற்கு நேரான பதில் சொல்ல வரவில்லை.

வளைகுடாவில் வாசிக்கிறவனுக்கு இன்னொரு பாடமும் உண்டு. அது காற்று. தோல் ஈரத்தைக் குடித்தால் தளரும், காய்ந்தால் இறுகும். ஆகஸ்டு மாதம் வீட்டு வாசலைத் தாண்டியதும் மூக்குக் கண்ணாடி பனித்துப்போகிறதே, அதே ஈரம் குளிர்ந்த தோல்மேலும் படியும். வீட்டில் ஏசி, வெளியே புழுக்கம், காரில் ஏசி, இறங்கினால் புழுக்கம், பஜனை நடக்கிற ஹாலில் மறுபடி ஏசி. ஒரே சாயங்காலத்தில் ஐந்து பருவத்தைப் பார்த்த வலந்தலை நேற்றுச் சேர்த்த சுருதியில் எப்படி நிற்கும்? நான் செய்வதைச் சொல்கிறேன். தடித்த உறையில் வைத்தே எடுத்துப் போவேன். ஹாலுக்குப் போய் அரைமணி நேரம் உறையைத் திறக்க மாட்டேன். ஏசி காற்று நேராக விழும் இடத்தில் உட்கார மாட்டேன். பிறகு கல்லும் கட்டையும் எடுத்து, பதினாறு கண்ணிலும் சுற்றிச் சுற்றிச் சமமாகத் தட்டுவேன். விளிம்பை மேலிருந்து தட்டினால் சுருதி ஏறும், கீழிருந்து தட்டினால் இறங்கும். ஒரே கண்ணில் ஓங்கித் தட்டுவது கூடாது. பதினாறும் ஒரே குரலில் பேசினால்தான் சுருதி சேர்ந்தது என்று அர்த்தம். கையைப் பழக்குவதற்கு முன் இந்தச் சுருதி சேர்ப்பைப் பழகுங்கள். காது அங்கேதான் திறக்கும்.

கைக்கும் முன்னால் வாய். த தி தொம் நம் என்ற முதல் பாடத்தைக் கையில் தாளம் போட்டபடி மூன்று காலத்திலும் வாயால் சொல்ல வேண்டும். நடு இரவில் ஃபிளாட்டில் மிருதங்கம் வாசிக்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் காலை ஷிஃப்டுக்குப் போகிறவராக இருக்கலாம். சொற்கட்டுக்கு அந்தத் தடை கிடையாது. ஷார்ஜா நெரிசலில் ஒரு மணி நேரம் நிற்கிற காரைவிட நல்ல வகுப்பறை எனக்குத் தெரியாது. வாயில் தடுமாறுகிற சொல் கையில் வராது.

குருவுக்கு என்ன செய்வது என்றான். இங்கேயே சொல்லித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். முதல் ஆறு மாதமாவது நேரில் போங்கள். விரல் விழும் கோணத்தைத் திரையில் திருத்துவது கடினம். அதற்குப் பிறகு ஊரில் உள்ள குருவிடம் இணையம் வழியே தொடரலாம். நமக்குக் காலை 7 மணி என்றால் அங்கே எட்டரை. வாட்ஸ்அப் அழைப்பு இங்கே இணைவதில்லை என்பதால் பலர் ஜூமில் கற்கிறார்கள். ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள்: ஒலி போய்ச் சேர ஒரு நொடியின் சிறுபகுதி தாமதமாகும். அவர் தாளம் போட நீங்கள் வாசிப்பது நடக்காது. அவர் வாசித்து நிறுத்தட்டும். நீங்கள் திருப்பி வாசியுங்கள்.

"கஞ்சிராவா இருந்தா சுலபமில்லையா? பெட்டியில வச்சிடலாம்."

ஒற்றைக் கையால் அடித்து எல்லாச் சொல்லையும் கொண்டுவருவது சுலபம் என்று யார் சொன்னது? பழைய கஞ்சிராக்கள் உடும்புத் தோலில் செய்தவை. உடும்பு இந்தியாவின் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. சர்வதேச வணிகமும் தடை. தாத்தாவினுடையது என்றாலும் அதை விமானத்தில் ஏற்ற வேண்டாம். ஆட்டுத்தோலில் செய்தது கிடைக்கிறது.

பஜனைக்கு வாசிப்பது கச்சேரிக்கு வாசிப்பதல்ல. இங்கே தனி ஆவர்த்தனம் இல்லை. முன்பாட்டு வரும்போது அடங்கி இருக்க வேண்டும், கூட்டம் திருப்பிப் பாடும்போது தூக்கிவிட வேண்டும். கைதட்டலும் ஜால்ராவும் சேர்ந்தால் பாட்டு ஓடத் தொடங்கும். நாற்பது பேர் ஓடும்போது ஓடாமல் இருக்கிற ஒரே ஆள் நீங்களாக இருக்க வேண்டும். நாமாவளி இரண்டாம் காலம் எடுக்கும் இடத்தை முன்பாட்டுக்காரரின் முகத்தில் படிக்க வேண்டும். முடித்து வைக்கிற ஒரு சின்னத் தீர்மானமும் தெரிந்திருக்க வேண்டும். மேசைமேல் தட்டிக் காட்டினேன். ஆதி தாளம் எட்டு எண்ணிக்கை. எண்ணிக்கைக்கு நான்கு மாத்திரை. ஆவர்த்தனத்தின் பின்பாதியில் 16. ஒன்றை விட்டுவிடுங்கள், மீதி 15. அதை மூன்று ஐந்தாக்கினால், ததிங்கிணதொம் மூன்று முறை. அடுத்த அடி, தாளம் தொடங்குகிற சமத்தில் விழும். அவன் மூன்று தடவை முயன்றான். மூன்று தடவையும் அந்த ஒன்றை விட மறந்தான். மௌனமாக விடுகிற அந்த ஒரு மாத்திரைதான் எல்லாருக்கும் கஷ்டம்.

எழுந்திருக்கும்போது இன்னொன்றும் சொன்னேன். அந்த வாத்தியத்தில் பசு, ஆடு, எருமை மூன்றின் தோலும் இருக்கிறது. அந்தத் தோல்களைத் தேடிப் பார்த்து, பதம் செய்து, மூட்டாகக் கட்டியவர்களில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவர்கள். மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயர் நாதத்துக்காக, மிருதங்கம் செய்கிற தஞ்சாவூர் பர்லாந்திடம் போய் நின்றார். பாடகர் டி. எம். கிருஷ்ணா 2020-இல் வெளியிட்ட 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற புத்தகம் இந்தக் குடும்பங்களைப் பற்றியதுதான். சாமி முன்னால் வாசிக்கப் போகிறாய். செய்தவரின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள், மூட்டு மாற்ற ஊருக்குப் போகும்போது நேரில் பார் என்றேன். தலையாட்டினான்.

திங்கட்கிழமை ராத்திரி ஒரு குரல்பதிவு அனுப்பியிருந்தான். அவர்கள் குழுவில் முன்பாட்டுப் பாடுகிற அக்கா, தம்புரா இல்லாமல் ஒரு சரணம் பாடியிருந்தார். அலைபேசித் தம்புராவை ஏற்றி இறக்கிப் பொருத்திப் பார்த்தேன். ஐந்தரை. "குட்டை மிருதங்கம் சொல்லு" என்று பதில் போட்டேன்.