இருபுறமும் 28 சென்டிமீட்டர்

‘ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4’ என்ற கணினி விளையாட்டில் ஜெர்மனியாக ஆடுபவருக்குக் கீல் கால்வாய் வசதியான குறுக்குவழி. பால்டிக் கடலில் நிற்கும் கப்பற்படையை வட கடலுக்கு அனுப்ப ஒரு சொடுக்கு போதும். கால்வாய்க்கரை உங்கள் கையில் இருந்தால் கப்பல்கள் போகும். எதிரி பிடித்துவிட்டால் டென்மார்க்கைச் சுற்ற வேண்டியதுதான். பெரும் போர்க்கப்பலோ சின்ன நாசகாரிக் கப்பலோ, கால்வாய்க்கு எல்லாம் ஒன்றே. ‘சிவிலைசேஷன் 6’ இன்னும் தாராளம். இரண்டு கடல்களுக்கு நடுவே ஒரு நகரத்தை நிறுவிவிட்டால் அதற்குள் நுழைந்து கப்பல் மறுபக்கம் வந்துவிடும்!

கேலி செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. கால்வாயின் அரசியலை இந்த விளையாட்டுகள் சரியாகவே பிடித்திருக்கின்றன. ஜெர்மனியோடு சமாதானமாக இருக்கும் எல்லா நாடுகளின் வணிகக் கப்பலுக்கும் போர்க்கப்பலுக்கும் கீல் கால்வாய் திறந்திருக்க வேண்டும் என்றது முதல் உலகப் போருக்குப் பிந்தைய வெர்சாய் ஒப்பந்தம். 1921இல் போலந்துக்குப் போர்த்தளவாடம் ஏற்றி வந்த ‘விம்பிள்டன்’ கப்பலை ஜெர்மனி உள்ளே விடவில்லை. வழக்கு சர்வதேச நிரந்தர நீதிமன்றம்வரை போய், 1923இல் ஜெர்மனி தோற்றது. வாசல் யார் கையில் என்பது உண்மையிலேயே பெரிய கேள்விதான். ஆனால் வாசலின் அகலம் என்ன என்ற கேள்வியை விளையாட்டு கேட்பதே இல்லை. கடற்படைகளின் தூக்கத்தைக் கெடுத்தது அந்தக் கேள்வி.

கீல் கால்வாய் 1895இல் திறக்கப்பட்டபோது அதன் ஆழம் 9 மீட்டர், அடிப்பக்க அகலம் 22 மீட்டர். அன்றைய கப்பல்களுக்கு அது போதும். 1906இல் பிரிட்டன் ‘டிரெட்நாட்’ என்ற ராட்சதப் போர்க்கப்பலை நீரில் இறக்கியது. போட்டிக்கு ஜெர்மனி கட்டிய ‘நாசாவ்’ வகைக் கப்பல்களின் அகலம் சுமார் 27 மீட்டர். கப்பலை நீர்மட்டத்தோடு ஏற்றி இறக்கும் மதகுத் தொட்டிகள் சொந்த நாட்டுக் கால்வாயிலேயே இருந்தன; அவற்றுக்குள்ளேயே இந்தக் கப்பல்கள் நுழையவில்லை. கப்பலைக் கட்டிய கையோடு கால்வாயையும் அகலப்படுத்த வேண்டியதாயிற்று. 1907இல் தொடங்கிய வேலை ஏழு ஆண்டுகள் இழுத்தது. 1912 டிசம்பரில் ஜெர்மன் பேரரசர் கெய்சர் தன் தளபதிகளோடு போரைப் பற்றிப் பேசியபோது, இன்னும் ஒன்றரை ஆண்டு பொறுக்க வேண்டும் என்றார் கடற்படைத் தலைவர் டிர்பிட்ஸ். கால்வாய் வேலை முடியாததும் அதற்கு ஒரு காரணம். புதிய பெரிய தொட்டிகளைக் கெய்சர் திறந்துவைத்தது 1914 ஜூன் 24. நான்கு நாளில் சராயேவோவில், முதல் உலகப் போருக்கு வித்திட்ட துப்பாக்கி வெடித்தது.

அகலமும் ஆழமும் இருந்துவிட்டால் மட்டும் கப்பல் விரைந்துவிட முடியாது. நகரும் கப்பல் முன்னே ஒதுக்கும் தண்ணீர் பின்னே போய்ச் சேர வேண்டும். நடுக்கடலில் அதற்கு இடத்துக்குப் பஞ்சமில்லை. கால்வாயிலோ, கப்பலுக்கும் கரைக்கும் அடித்தரைக்கும் இடையிலுள்ள சந்து மட்டுமே வழி. அங்கே தண்ணீர் வேகமெடுக்கிறது. வேகம் கூடினால் அழுத்தம் குறையும் என்ற பெர்னூலி விதிப்படி, கப்பலைச் சுற்றி நீர்மட்டம் தாழ்கிறது. கப்பலும் கூடவே தாழ்கிறது. வேகத்தை இரட்டிப்பாக்கினால் இந்தத் தாழ்வு ஏறக்குறைய நான்கு மடங்காகும். ஒரு கரையை ஒட்டிப் போனால் பின்பகுதி அந்தக் கரையை நோக்கி இழுபடும், முன்பகுதி விலகும். 2021இல் சூயஸை அடைத்துக்கொண்டு நின்ற ‘எவர் கிவன்’ கப்பல் விஷயத்தில் இந்த விளைவைப் பற்றியும் வல்லுநர்கள் பேசினார்கள். இதனால்தான் கீல் கால்வாயில் பெரும்பாலும் மணிக்கு 15 கிலோமீட்டர்தான் வரம்பு. கிட்டத்தட்ட 98 கிலோமீட்டரைக் கடக்க ஆறரை மணி நேரம். இரு முனைகளிலும் தொட்டிக்குள் ஏறி இறங்கும் நேரம் தனி. ஒரு முழுப் படையே வரிசையில் நின்றால் கடைசிக் கப்பல் எப்போது வெளியே வரும்?

பனாமாவில் சிக்கல் இன்னொரு வகை. அங்கே கப்பல் கடல் மட்டத்திலிருந்து 26 மீட்டர் உயரத்திலுள்ள காடுன் ஏரிக்கு ஏறி இறங்க வேண்டும். ஏரி நன்னீர். ஒரு கன மீட்டர் கடல்நீர் சுமார் 1,025 கிலோ, நன்னீர் 1,000 கிலோ. லேசான நீரில் கப்பல் கூடுதலாக அமிழும்: கடலில் 10 மீட்டர் அமிழ்ந்திருப்பது ஏரியில் கால் மீட்டர் போல இன்னும் இறங்கும். தொட்டிகளின் அகலமோ அன்று 33.53 மீட்டர்தான். அமெரிக்கக் கடற்படை இந்த எண்ணை மனதில் வைத்தே கப்பல்களை வரைந்தது. ‘அயோவா’ வகைப் போர்க்கப்பல்களின் அகலம் 32.97 மீட்டர். இருபுறமும் மிஞ்சுவது 28 சென்டிமீட்டர். பள்ளிப் பிள்ளையின் 30 சென்டிமீட்டர் ஸ்கேலைக் குறுக்கே வைக்க முடியாது. ஜப்பான் எந்தக் கப்பலின் தளத்தில் சரணடைந்ததோ, அந்த ‘மிசௌரி’யும் 1945 அக்டோபரில் இப்படித்தான் பனாமாவைக் கடந்து நியூயார்க் போனது. அடுத்ததாகத் திட்டமிட்ட ‘மொன்டானா’ வகை இந்த வரம்பை மீறியது. அதற்காக அகலமான தொட்டிகளைத் தோண்டத் தொடங்கி, போரின் நடுவே நிறுத்திவிட்டார்கள்; அந்தக் கப்பல்களும் கட்டப்படவே இல்லை.

சோவியத் யூனியனின் வெண்கடல்–பால்டிக் கால்வாயை எண்ணிப் பார்த்தால் மனம் கனக்கிறது. 227 கிலோமீட்டர், 19 தொட்டிகள், 20 மாத வேலை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கைதிகள் பாறையைக் கைக்கருவிகளால் உடைத்தார்கள். குறைந்தது 12,000 பேர் இறந்தார்கள். அத்தனைக்கும் பிறகு கிடைத்த ஆழம் 4 மீட்டர்கூட இல்லை. 1933இல் அதன் வழியே போன போர்க்கப்பல்களும் நீர்மூழ்கிகளும்தான் வடக்குக் கப்பற்படைக்கு வித்து. ஆண்டில் ஏறக்குறையப் பாதி நாள் அது உறைபனி.

கால்வாயே இல்லாத இடத்தில் என்ன செய்வது? 1942இல் ஜெர்மனிக்குக் கருங்கடலில் நீர்மூழ்கிகள் தேவைப்பட்டன. 1936ஆம் ஆண்டின் மோந்த்ரோ ஒப்பந்தப்படி போரிடும் நாடுகளின் போர்க்கப்பல்களுக்குத் துருக்கி தன் நீரிணைகளை மூடியிருந்தது. மைன் ஆற்றையும் டான்யூபையும் இணைத்த பழைய கால்வாயோ சின்னப் படகுகளுக்கானது. ஆகவே சுமார் 280 டன் எடையுள்ள ஆறு சிறு நீர்மூழ்கிகளைக் கீல் நகரில் பிரித்தார்கள். மேற்கோபுரம், டீசல் இயந்திரங்கள், மின்கலங்கள் எல்லாம் தனியே வந்தன. உடற்கூட்டை மிதவைகளில் ஏற்றி, கீல் கால்வாய் வழியாக ஹாம்பர்க், அங்கிருந்து எல்பா ஆற்றில் எதிர்நீரோட்டமாக டிரெஸ்டன். பிறகு பல சக்கர இழுவண்டிகளில் நெடுஞ்சாலை வழியே இங்கோல்ஸ்டாட். அங்கே டான்யூபில் இறக்கி, வழியில் திரும்பப் பூட்டி, ருமேனியாவின் கான்ஸ்டான்ட்சா துறைமுகம் வரை கொண்டுபோனார்கள். எந்த விளையாட்டிலும் இப்படி ஒரு நகர்வுக்குப் பொத்தான் வைத்திருப்பார்களா என்பது சந்தேகமே.

1944 ஆகஸ்டில் ருமேனியா அணி மாறியது. வந்த வழியே திரும்ப முடியாது. துருக்கியின் நீரிணை இப்போதும் மூடியேதான் இருந்தது. எஞ்சியிருந்த மூன்று நீர்மூழ்கிகளை மாலுமிகள் செப்டம்பரில் துருக்கிக் கரைக்கு அருகே தாங்களே மூழ்கடித்துவிட்டுக் கரையேறினார்கள்.