ஏழில் ஒருத்தி

ஆடி அமாவாசைக்கு ஏரல் அருணாசல சுவாமி கோயிலுக்கு வரும் குழந்தைகள், விழாவின் விளக்கொளியை விட்டுத் தாமிரபரணி மணலில் சற்றுத் தூரம் நடந்து வடமேற்கே நோக்குவார்களாயின், மேகம் மறைக்காத பட்சத்தில், ஏழு நட்சத்திரங்கள் அகப்பைபோல் வளைந்து, தலை கீழாகச் சரிந்து இறங்குவதைக் காண்பார்கள். அதுவே சப்தரிஷி மண்டலம். காம்பின் நுனியிலிருந்து இரண்டாவது வசிட்டர். அவரை ஒட்டி, முழுநிலவின் குறுக்களவில் பாதிகூட இல்லாத இடைவெளியில், கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் மட்டுமே புலப்படும் சிறு பொட்டு அவர் பத்தினி அருந்ததி. கல்யாணத்தன்று பட்டப்பகலில் புரோகிதர் கைகாட்டிய திசையில் ஒன்றையும் காணாமலே தலையை ஆட்டிய மாப்பிள்ளைகள் எத்தனையோ பேர்!

மற்ற ஆறு முனிவர்களின் பத்தினிகள் எங்கே என்று கேட்கும் குழந்தை புத்திசாலி. அக்கினிதேவனை விரும்பிய சுவாகாதேவி, முனிபத்தினியரின் வடிவங்களை ஒவ்வொன்றாக எடுத்து அவனை அணுகினாளாம். கற்பின் மகிமையால் அருந்ததியின் வடிவம் மட்டும் அவளுக்குக் கைகூடவில்லை. செய்தியைக் கேட்ட முனிவர் அறுவரும், யாதொரு பாவமும் அறியாத மனைவியரைத் தள்ளிவைத்தார்கள் என்று மகாபாரதம் கூறுகிறது. ரிஷிகளின் ஞானதிருஷ்டி அன்று எங்கே போயிற்றோ! அந்த அறுவரே கார்த்திகைப் பெண்களாகி வானேறினர். திருச்செந்தூர் முருகன் கார்த்திகேயன் ஆனதும் இவர்களால்தான்.

அதே ஆடி இரவில், நள்ளிரவு கடந்தபின் கிழக்கே, ஒரு கைப்பிடி மல்லிகைமொட்டைச் சிந்தினாற்போல் இக்கூட்டம் எழும். நட்சத்திரத்தையே மீன் என்று சொன்ன நம் முன்னோர் இதனை அறுமீன் என்றார்கள். ஆரல் என்றும் சொன்னார்கள், அது ஆற்றுமீன் ஒன்றின் பெயருமாகும். கண்ணுக்கு ஆறாகத் தெரிவது தூரதரிசினியில் நூற்றுக்கணக்காகப் பெருகும். ஏறத்தாழ 440 ஒளியாண்டுத் தொலைவிலிருக்கும் இவற்றின் ஒளி, தூத்துக்குடி முத்துக்குளித்துறை போர்த்துக்கீசியர் வசமிருந்த நாளில் புறப்பட்டு, இன்றிரவு ஏரலுக்கு வந்து சேருகிறது.

கிரேக்கரும் இவற்றைப் பெண்கள் என்றே கொண்டு, சகோதரிகள் என்று சொன்னார்கள். ஆனால் ஏழு பேர் என்று எண்ணிவிட்டு, ஒருத்தி ஒளிந்துகொண்டாள் என்று சமாதானம் கூறினார்கள். நம் கதையிலோ ஏழாமவள் ஒளியவில்லை. மாசி மாதத்து முன்னிரவில் மேற்கே ஆறு பேரையும் பார்த்துவிட்டு, சப்தரிஷிகள் முழுதும் எழும்வரை காத்திருந்து வடகிழக்கே திரும்பினால், வசிட்டரின் பக்கத்தில் அவள் இருப்பாள்.