உங்களுக்குத் தெரியுமா? ஒரு சர்வர், பல காதுகள்

ஒரே சர்வருக்குப் பத்து ஐபி முகவரிகள். டிஎன்எஸ் மென்பொருள் அத்தனைக்கும் பொதுவாக ஒரே ஒரு சாக்கெட் திறந்து வைத்தால் போதாதா? கேள்வி வந்து சேர்ந்துவிடும். பதில் சொல்வதில்தான் வம்பு.

டிஎன்எஸ் கேள்விகள் பெரும்பாலும் யூடிபி வழியாக 53-ஆம் போர்ட்டுக்கு வருகின்றன. பொதுச் சாக்கெட்டிலிருந்து கிளம்பும் பதிலில் எந்த முகவரியை அனுப்புநராகப் பொறிப்பது என்பதை இயங்குதளத்தின் ரூட்டிங் அட்டவணையே முடிவுசெய்துவிடலாம். எந்த முகவரியிடம் கேட்டதோ, அங்கிருந்து வராத பதிலைக் கேட்ட கணினி ஏற்காது. போலிப் பதில்கள் மலிந்த இடத்தில் அந்தச் சந்தேகம் நியாயமானதே.

அதனால் பைண்ட் என்ற டிஎன்எஸ் மென்பொருள் ஒவ்வொரு முகவரிக்கும் தனிச் சாக்கெட் திறக்கிறது. புது முகவரி ஏதும் முளைத்திருக்கிறதா என்று, நாம் மாற்றாதவரை, 60 நிமிடத்துக்கு ஒருமுறை துழாவியும் பார்க்கிறது. அன்பவுண்டு என்ற இன்னொரு டிஎன்எஸ் மென்பொருளோ கூச்ச சுபாவி: சொல்லாதவரை தன் சொந்தக் கணினிக்கு மட்டுமே காதுகொடுக்கும்.