கலயத்துச் சுண்ணாம்பும் கரைசல்களின் இயல்பும்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் சாலையில் நெய்யாற்றங்கரையைக் கடந்தால் பாறசாலை வரும். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது விளவங்கோடு வட்டம் தமிழகத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றங்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. ஆயினும் எல்லைக்கு இருபுறத்தும் நின்ற பனை ஒன்றே. பதநீருக்கு அங்கே வழங்கும் 'அக்கானி' என்னும் பெயரும் ஒன்றே. ரப்பர் பரவியபின் பனையேறுவோர் தொகை பெரிதும் குறைந்துவிட்டது. எனினும், கரைசல், சவ்வூடு பரவல், தாங்கல் கரைசல் ஆகியவற்றைத் தனித்தனியே படித்து மயங்கும் உயிரியல் மாணவருக்கு, அவை ஒருங்கே விளங்கும் இடமாக அக்கானிக் கலயத்தையே காட்டலாம்.

பனஞ்சாறு பெரும்பாலும் நீரே. அதில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு வரை சர்க்கரை கரைந்துள்ளது. அச்சர்க்கரை சுக்ரோஸ் ஆகும். இலைகளில் உண்டாகும் சுக்ரோஸ் சல்லடைக் குழாய்களில் செறியும்போது, அருகிலுள்ள திசுக்களிலிருந்து நீர் சவ்வுகளின் வழியே உட்புகுகிறது. நீரைப் புகவிட்டுச் சர்க்கரையைத் தடுக்கும் சவ்வினூடே இவ்வாறு நீர் செல்லுதலே சவ்வூடு பரவல். அதனால் குழாய்க்குள் அழுத்தம் மிகும். பாளையின் நுனியைச் சீவியவுடன் சாறு சொட்டுவதற்கு இவ்வழுத்தமே காரணம். சீவிய வாய் விரைவில் அடைபட்டுவிடுவதால், பனையேறுபவர் காலையும் மாலையும் மரமேறிப் புதிதாய்ச் சீவ வேண்டியுள்ளது.

அழுத்தத்தின் அளவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டரில் 120 கிராம் சுக்ரோஸ் உள்ளதெனக் கொள்வோம். அதன் மூலக்கூறு எடை 342. ஆகவே செறிவு 0.35 மோல். 27 டிகிரி வெப்பத்தில் லிட்டருக்கு ஒரு மோல் என்னும் செறிவுக்கு ஏறத்தாழ 24.6 வளிமண்டல அழுத்தம் உண்டு. எனவே நம் கரைசலுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 8.6 வளிமண்டலம்! 1877-இல் பெஃபர் என்னும் ஜெர்மானியத் தாவரவியலார் இத்தகைய அழுத்தத்தை அளக்க எடுத்துக்கொண்டதும் சர்க்கரைக் கரைசலே. அவருடைய அளவுகளைக் கொண்டே வான்ட் ஹாஃப் தம் விதியை வகுத்தார். 1901-இல் வேதியியலுக்கான முதல் நோபெல் பரிசையும் பெற்றார்.

மருத்துவமனையில் நரம்பின் வழியே ஏற்றும் உப்பு நீரில் லிட்டருக்கு 9 கிராம் உப்பே உண்டு. ஆயினும் உடல் வெப்பத்தில் அதன் அழுத்தம் ஏறத்தாழ 7.8 வளிமண்டலம். 9 கிராம் உப்பு 120 கிராம் சர்க்கரைக்கு ஈடுகொடுப்பது எங்ஙனம்? உப்பின் மூலக்கூறு எடை 58.5 மட்டுமே, அன்றியும் அது நீரில் இரண்டு அயனிகளாகப் பிரிகிறது. கரைந்த பொருளின் எடையன்று, துகள்களின் எண்ணிக்கையே இங்கு கணக்கில் வரும்.

இனிக் கலயத்தினுள் நோக்குவோம். பாளையிலிருந்து வரும் சாறு ஏறக்குறைய நடுநிலையானது, அதன் பி.எச். எண் 7-ஐ ஒட்டியிருக்கும். சுண்ணாம்பு தடவாத கலயத்தில் ஈஸ்டும் பாக்டீரியாக்களும் பெருகி, சர்க்கரையைச் சாராயமாகவும் அமிலமாகவும் மாற்றும். பி.எச். 4-ஐ நெருங்கும். மூன்று எண்களே குறைந்தன எனக் கருதவேண்டா. ஹைட்ரஜன் அயனிகள் ஆயிரம் மடங்கு மிகுந்துவிட்டன என்பது பொருள். 1909-இல் இவ்வளவையை வகுத்த சோரன்சென், கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் என்னும் பீர் ஆலையின் ஆய்வகத்தில் பணியாற்றியவர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. கள்ளின் சிக்கலும் பீரின் சிக்கலும் ஒன்றுக்கொன்று உறவுடையன அல்லவா?

அமிலத்தைத் தடுக்கும் ஆற்றல் சாற்றுக்கே சிறிது உண்டு. அதிலுள்ள அமினோ அமிலங்களும் கரிம அமிலங்களின் உப்புகளும் ஹைட்ரஜன் அயனிகளைப் பற்றிக்கொள்கின்றன. வலிமை குன்றிய அமிலமும் அதன் உப்பும் கலந்து நின்று, பி.எச். எளிதில் மாறாதபடி காப்பதே தாங்கல் கரைசல். நம் குருதியில் பைகார்பனேட்டும் கார்பானிக் அமிலமும் 20-க்கு 1 என்னும் வீதத்தில் நின்று 7.4-ஐக் காக்கின்றன. ஆனால் குருதிக்குத் துணையாக நுரையீரலும் சிறுநீரகமும் உள்ளன. கலயத்துச் சாற்றுக்கு அத்தகைய துணை ஏதுமில்லை. அதன் கையிருப்பு ஓரிரவில் தீர்ந்துவிடும்.

அக்குறையை நிறைப்பதே கலயத்தின் உட்புறம் பூசிய சுண்ணாம்பு. இதனையும் தாங்கல் கரைசல் என மாணவர் எழுதிவிடலாகாது. சுண்ணாம்பு வலிய காரம். தூய நீரில் லிட்டருக்கு ஒன்றரை கிராமுக்குச் சற்று மிகுதியாகவே கரையும். தெளிந்த சுண்ணாம்பு நீரின் பி.எச். ஏறத்தாழ 12.4. கரையாது சுவரில் எஞ்சியிருப்பது, கரைந்தது செலவாகுந்தோறும் மேலும் கரைந்து ஈடுசெய்கிறது. காரம் மிகுந்த சாற்றில் நுண்ணுயிர்கள் பெருகுவதில்லை. சாற்றில் காரம் உண்டா எனப் பார்க்க மஞ்சள் தோய்த்த தாளே போதும். இருந்தால் அது சிவக்கும்.

சுண்ணாம்பு குறைந்தால் இழப்பு பெரிது. ஈஸ்டின் நொதியும் அமிலமும் சுக்ரோஸைக் குளுகோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிளந்துவிடும். அத்தகைய சாற்றை எவ்வளவு காய்ச்சினும் பாகு சிரட்டையில் இறுகாது. உயிரைப் பணயம் வைத்து மரமேறிய உழைப்பும் அடுப்பில் எரித்த விறகும் வீணே. அன்றியும் தமிழகத்தில் கள்ளுக்குத் தடை உண்டு. கேரளத்தில் உரிமம் பெற்றுக் கள் விற்கலாம். எல்லைக்கு இப்பால் ஒரு கலயம் அக்கானியா கள்ளா என்பது வழக்கு மன்றம் வரை செல்லக்கூடிய வினா. சுண்ணாம்பு மிகுந்தாலோ கருப்பட்டி கறுத்துக் கசக்கும். ஆதலின் காய்ச்சுமுன் மிகுதியை நீக்க, சூப்பர் பாஸ்பேட் சேர்த்து வீழ்படிவாக்கி வடிப்பதும் உண்டு.

நன்கு இறுகிய கருப்பட்டி கெடாதிருப்பதும் சவ்வூடு பரவலாலேயே. அதன்மேல் விழும் நுண்ணுயிரின் உடலிலிருந்து நீர் வெளியே ஈர்க்கப்படுவதால் அது பெருக இயலாது. மழைக்காலத்தில் கருப்பட்டி காற்றின் ஈரத்தை ஏற்று மேற்புறம் கசிந்தால், அவ்விடத்துக் கரைசல் நீர்த்துப் பூஞ்சணம் பற்றும். இடவப்பாதி மழைக்குமுன் கருப்பட்டியை அடுப்பின் மேலுள்ள பரணில் ஏற்றிவைப்பது இதனைத் தடுக்கவே.