நியூயார்க் நகர உள்ளூர்ச் சட்டம் 97

உள்ளூர்ச் சட்டம் 97 என்பது, பெரிய கட்டிடங்கள் வெளியிடும் பைங்குடில் வளிமங்களின் அளவுக்கு வரம்பு விதிக்கும் நியூயார்க் நகரச் சட்டம் ஆகும். இது 2019 ஏப்ரலில் நகர மன்றத்தால் நிறைவேற்றப்பட்டது. பொதுவாக 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட பரப்புள்ள கட்டிடங்கள் இதன் கீழ் வருகின்றன. இத்தகைய கட்டிடங்களின் வெளியீட்டை 2005 ஆம் ஆண்டின் அளவிலிருந்து 2030 க்குள் 40 சதவீதம் குறைப்பதும், 2050 க்குள் நிகர வெளியீடு இல்லாத நிலையை அடைவதும் இதன் நோக்கங்கள். புதிய கட்டிடங்களை மட்டுமன்றி, ஏற்கனவே உள்ள கட்டிடங்களையும் கட்டுப்படுத்துவது இச்சட்டத்தின் சிறப்பு.

பின்னணி

நியூயார்க் நகரின் பைங்குடில் வளிம வெளியீட்டில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கட்டிடங்களிலிருந்து வருகிறது. பழைய அடுக்குமாடிகள் பலவற்றில், நிலவறையிலுள்ள கொதிகலனில் எரிவாயுவையோ எண்ணெயையோ எரித்து உண்டாக்கும் நீராவியால் அறைகள் சூடாக்கப்படுகின்றன. ஒவ்வொரு வீட்டிலும் வெப்பத்தைத் தனியே கட்டுப்படுத்த இயலாததால், குளிர்காலத்திலேயே சன்னலைத் திறந்து வெப்பத்தை வெளியேற்றுவோரும் உள்ளனர்.

எரிபொருளைச் சேமித்தால் செலவும் குறையும். எனினும் உரிமையாளர்கள் பலர் தாமாக முன்வருவதில்லை. சீரமைப்புக்குச் செலவிடுபவர் உரிமையாளர்; மின்கட்டணம் குறைவதால் பயன் பெறுபவரோ பல இடங்களில் வாடகைதாரர். இந்த முரண்பாடே நகர அரசு தலையிடுவதற்கு ஒரு முக்கிய காரணம் ஆகும்.

வரலாறு

முதற்படி அளவீடு ஆகும். 2009 இல் நிறைவேறிய உள்ளூர்ச் சட்டம் 84, பெரிய கட்டிடங்கள் தம் ஆற்றல், நீர் பயன்பாட்டை ஆண்டுதோறும் அறிவிக்க வேண்டும் என்றது. அதே ஆண்டின் சட்டம் 87, பத்தாண்டுக்கு ஒரு முறை ஆற்றல் தணிக்கை செய்வதைக் கட்டாயமாக்கியது. அடுத்த படி வெளிப்படைத்தன்மை. 2020 முதல் ஆற்றல் திறனுக்கான எழுத்துத் தரம் கட்டிட வாயிலில் ஒட்டப்படுகிறது. 85 மதிப்பெண்ணும் அதற்கு மேலும் பெறும் கட்டிடத்துக்கு 'ஏ' தரமும், 55 க்குக் குறைவாகப் பெறும் கட்டிடத்துக்கு 'டி' தரமும் வழங்கப்படுகின்றன. இவ்வாறு திரண்ட தரவுகளே பின்னர் வரம்புகளை வகுக்க உதவின.

செயல்படும் முறை

ஒரு கட்டிடம் ஓராண்டில் பயன்படுத்திய மின்சாரம், எரிவாயு, எண்ணெய், நீராவி ஆகியவற்றின் அளவை, ஒவ்வொன்றுக்கும் உரிய வெளியீட்டுக் காரணியால் பெருக்கிக் கூட்டினால் அதன் மொத்த வெளியீடு கிடைக்கும். வரம்பு கட்டிடத்தின் பயன்பாட்டைப் பொறுத்து மாறும். முதல் கட்டம் 2024 முதல் 2029 வரையிலானது. இக்கட்டத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புக்கான வரம்பு சதுர அடிக்கு ஆண்டுக்கு 6.75 கிலோகிராம் ஆகும். வரம்பை மீறும் ஒவ்வொரு டன்னுக்கும் 268 டாலர் வரை தண்டம் விதிக்கலாம்.

எடுத்துக்காட்டாக, 1,00,000 சதுர அடி கொண்ட குடியிருப்பின் வரம்பு 675 டன். அது 800 டன் வெளியிட்டால், மிகுதியான 125 டன்னுக்கு ஆண்டுதோறும் 33,500 டாலர் வரை தண்டம் வரும். 2030 இல் வரம்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைவதால், மாற்றம் எதுவும் செய்யாவிடில் அதே கட்டிடத்தின் தண்டம் மூன்று மடங்குக்கும் மேலாகும்.

வெளியீட்டைக் குறைக்கும் வழிகள்

குழாய்களுக்கு வெப்பக்காப்பு உறையிடுதல், நீராவிக் கசிவை அடைத்தல், விளக்குகளை மாற்றுதல் ஆகியவை எளிய வழிகள். கொதிகலனை நீக்கி மின்சார வெப்ப எக்கிகளை அமைத்தல் செலவு மிகுந்தது. பழைய கட்டிடத்தையும் திருத்த முடியும் என்பதற்கு 1931 இல் திறக்கப்பட்ட எம்பயர் ஸ்டேட் கட்டிடம் சான்றாகும். 2009 இல் அறிவிக்கப்பட்ட திட்டத்தின்படி, அதன் 6,514 சன்னல்களும் கட்டிடத்துக்குள்ளேயே கழற்றிச் செப்பனிடப்பட்டன. குளிரூட்டும் இயந்திரங்களும் கட்டுப்பாட்டுக் கருவிகளும் மேம்படுத்தப்பட்டன. அங்கு ஆற்றல் பயன்பாட்டை ஏறத்தாழ 38 சதவீதம் குறைக்கத் திட்டமிடப்பட்டது.

விவாதங்கள்

வாடகைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட வீடுகளில் சீரமைப்புச் செலவு வாடகை உயர்வாக மாறக்கூடும் என்ற அச்சம் எழுந்தது. எனவே அத்தகைய வீடுகள் மிகுந்த கட்டிடங்கள் பலவற்றுக்கு, குறைந்த செலவிலான குறிப்பிட்ட பணிகளை மட்டும் முடிக்கும் மாற்று வழி அளிக்கப்பட்டது. மறுபுறம், நடுத்தர வருவாயினர் கூட்டாக உரிமை கொண்ட குடியிருப்புகள், தம்மால் இச்சுமையைத் தாங்க இயலாது என வாதிட்டன. மாநிலச் சட்டம் இருக்க, நகரம் தனியே வரம்பு விதிக்கலாமா என்ற வழக்கும் 2022 இல் தொடுக்கப்பட்டது. மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 மே மாதம் நகரத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. முதல் கட்ட அறிக்கைகளுக்கு 2025 மே 1 கெடுவாகக் குறிக்கப்பட்டு, அவகாசம் கோரவும் வழி செய்யப்பட்டது.

முக்கியத்துவம்

கட்டிட அனுமதி, ஆய்வு, தண்டம் ஆகிய அதிகாரங்கள் பெரும்பாலும் நகர அரசுகளிடமே உள்ளன. முதலில் அளத்தல், பின்னர் அறிவித்தல், இறுதியில் வரம்பிடல் என்ற இந்த வரிசை, அந்த அதிகாரங்களை ஆற்றல் சேமிப்புக்குப் பயன்படுத்தும் ஒரு முறையைக் காட்டுகிறது.