வயசானா அப்படித்தானா?

"கை கால் குடைச்சல். பசியே இல்ல. ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்தா அப்புறம் தூக்கமே கிடையாது." ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதியவர்கள் இப்படிச் சொன்னால் பெரும்பாலும் வலி மாத்திரையும் சத்து மாத்திரையும் கிடைக்கும். மனசு சரியில்லை என்று அவர்களாகச் சொல்வதில்லை, கேட்பாரும் இல்லை.

முதியோர் குறித்து 2017-18இல் நாடு முழுவதும் நடந்த 'லாசி' ஆய்வு, 60 வயதைக் கடந்தவர்களில் 8.3 சதவீதம் பேருக்குத் தீவிர மனச்சோர்வு இருக்கக்கூடும் என்றது. நோய் கண்டறியப்பட்டதாகச் சொன்னவர்களோ 0.8 சதவீதம்தான்.

முதுமையில் மனச்சோர்வு எப்போதும் அழுகையாக வெளிப்படுவதில்லை. வெள்ளி தவறாமல் கோயிலுக்குப் போன பாட்டி போவதை நிறுத்திவிடுவார். தாத்தா செய்தித்தாளைப் பிரிக்கவே மாட்டார். சர்க்கரை மாத்திரை தவறும், சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வரும். இரண்டு வாரத்துக்கு மேல் இது நீடித்தால் வயதின் மேல் பழிபோடக் கூடாது. வெளியூர்ப் பிள்ளைகள் தொலைபேசியில் "சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்று கேட்பதில் இது பிடிபடாது. இன்று யாரிடம் பேசினார், எங்கே போனார் என்று கேட்டால் ஓரளவு தெரியும்.

அமெரிக்க மனநல மருத்துவர் ஜெரோம் யெசவாஜ் குழுவினர் 1980களில் உருவாக்கிய முதியோர் மனச்சோர்வு அளவுகோலின் சுருக்க வடிவில் 15 கேள்விகள் உண்டு. ஆம், இல்லை என்றால் போதும். வலி, பசி, தூக்கம் பற்றி அதில் கேள்வியே இல்லை. இந்த வயதில் அவை வேறு நோயாலும் கெடும் என்பதால்தான். மதிப்பெண் 5ஐத் தாண்டினால் மருத்துவர் மேலும் ஆராய வேண்டும்; அதுவே நோய் முடிவு ஆகாது. தைராய்டு குறைவு, பி12 பற்றாக்குறை, சில மருந்துகள்கூட இதே சோர்வைத் தரும்.

மனச்சோர்வை மறதிநோயோடும் குழப்பிக்கொள்ள நேரும். மறதிநோய் பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் மெல்ல வரும். பலர் அதை மறைக்கப் பார்ப்பார்கள். மனச்சோர்வில் சில வாரங்களிலேயே மாற்றம் தெரியலாம். "எனக்கு எதுவுமே ஞாபகமில்ல" என்று அவரே புலம்புவார். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம்.

சிகிச்சைக்குப் பலன் உண்டு. முதியவர்களுக்கு மாத்திரையைக் குறைந்த அளவில் தொடங்குவார்கள். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். சில மாத்திரைகள் ரத்தத்தில் சோடியத்தைக் குறைப்பதால் பரிசோதனையும் தேவைப்படலாம். பத்து நாளில் "ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்திவிடுவதுதான் வழக்கமான தவறு.

"சீக்கிரம் போய்ச் சேரணும்" என்பதைக் கிழவர்களின் வாய்ப்பேச்சாகத் தள்ளிவிடுகிறோம். சாகும் எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாமல் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இரவு பகலாக, கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம், வீட்டாரும் அழைக்கலாம்.